ஆமிக்குப் போற பிக்கப்

"பற்றிக் அண்ணை, நெஞ்சில கைவைச்சுச் சொல்லுங்கோ. இந்தப் பிக்கப் ஆருக்குப் போகுது?"

கிருபானந்தன் வாயைத் திறந்தா பியர்பொன்ட்ஸில வீட்டுக்கு வீடு சன்னல் திறக்கும். ஆத்துக்கு அக்கரையில, இல்-பிசார் தீவில மேயிற வாத்தும் தலையைத் தூக்கிப் பாக்கும். அப்பிடி ஒரு தொண்டை.

பற்றிக் பிக்கப்பின்ர பின்பெட்டியைக் கூட்டிக்கொண்டு நிண்டார். நிமிரேல்லை.

"நேற்றே சொன்னனான். பழைய ஆமிக்காரருக்கு உதவுற சங்கத்துக்கு. இப்ப ட்றக் வரும், இழுத்துக்கொண்டு போக."

"ஆமிக்கு."

"ஓம்."

பக்கத்து வீட்டுச் சிவநேசம் தேத்தண்ணிக் கோப்பையோட வேலியில சாஞ்சுகொண்டு நிண்டான். "அது இந்த நாட்டு ஆமியெடாப்பா, ஊர் ஆமியில்லை" எண்டான்.

"எந்த நாட்டு ஆமியெண்டாலும் சப்பாத்து ஒண்டுதான். என்ர தமையனைச் சுத்திவளைப்பில கொண்டுபோனவங்களும் அதைத்தான் போட்டிருந்தவங்கள். இண்டுவரைக்கும் ஆளுமில்லை, சவமுமில்லை."

சிவநேசம் தேத்தண்ணியைக் குடிச்சான். வாயைப் பொத்த அது நல்ல சாட்டு. இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில. ஊரில குண்டு விழுந்துகொண்டிருக்கிற நேரம். ஆமி எண்ட சொல்லுக்கே அடிபிடி வரும்.

கிருபானந்தன்ர கோவத்தில ஞாயமும் இருக்கு. துறைமுகத்தடியில கொண்டெய்னர் இறக்கிற வேலை. முதல் பஸ் வெளிக்கிட முன்னம் ஆள் அங்க நிக்கவேணும். கூட்டிக்கொண்டு போன பெடியன் வேலையை விட்டிட்டான். வாற கிழமை வாகனமில்லையெண்டா இவனுக்கும் வேலையில்லை. பற்றிக்கின்ர பிக்கப்போ ஒரு வருசமா ஓட்டமில்லாமல் நிக்குது. கேட்டுப் பாத்தான். "அது குடுபட்டுப்போச்சு" எண்டு ஒரு சொல்லோட முடிச்சிட்டார் மனிசன்.

"சும்மா தரச்சொல்லிக் கேட்டனானோ? மாசம் மாசம் கட்டுறன் எண்டன்."

"என்னால ஏலாது, கிருபா. விடு."

"ஏன் ஏலாது? ஞாயிற்றுக்கிழமை பூசையில ஏறி நிண்டு, அயலானை நேசியுங்கோ எண்டு வாசிக்கிறியள். அயலான் நான்தான், ரெண்டு வீடு தள்ளி. நேசிக்கிறது கிடக்கட்டும், வாகனத் திறப்பைத் தாங்கோவன்."

சிவநேசத்துக்குச் சிரிப்பு வந்திட்டுது. "திறப்பைத் தந்திருந்தா உனக்கு ஆமி ஞாபகம் வந்திருக்குமோடா?"

"நீ தேத்தண்ணியைக் குடி."

திரும்பவும் பற்றிக்கில பாஞ்சான்.

"உங்களுக்கென்ன. மகன் றெனோல்ட் அல்பேட்டாவில எண்ணெய்க் கொம்பனியில உழைச்சு அனுப்புறான். நீங்கள் வாகனத்தைத் தூக்கிக் குடுத்து வெள்ளைக்காரனிட்ட நல்ல பேர் வாங்குறியள்."

பற்றிக்கின்ர கையில தும்புத்தடி ஒருக்கா நிண்டுது. பேந்தும் கூட்டத் தொடங்கினார். கூட்ட அதுக்குள்ள ஒரு தூசியும் இல்லை.

ட்றக் வந்தது. வெள்ளைத் தாடியோட ஒரு கிழவன் இறங்கி "பொன்ஜூர்" எண்டார். கிருபானந்தன் போய் ட்றக்குக்கும் பிக்கப்புக்கும் நடுவில நிண்டிட்டான்.

"விலத்தமாட்டன். எனக்கு மேலால ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ. ஆமிக்கு அது பழக்கம்தானே."

கிழவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனா கோவத்துக்கு மொழிபெயர்ப்பு வேணுமோ. கையைக் கட்டிக்கொண்டு காத்து நிண்டார்.

அந்த நேரம் பற்றிக்கின்ர மனிசி றோஸ்மேரி உள்ளுக்கால ஓடிவந்தா. அந்தக் குளிருக்குக் கோட்டும் போடேல்லை. கையில ஒரு சாப்பாட்டுப் பெட்டி, சூடு ஆறாமல் துவாயால சுத்திக் கட்டினது. நேர போய்க் கிழவன்ர கையில குடுத்தா.

கிருபானந்தன் கையைத் தட்டினான்.

"நல்லாயிருக்கு அக்கா. வாகனமும் குடுத்து, ஆமிக்குப் புட்டும் கோழிக்கறியும் கட்டிவிடுறியள். என்ர தமையனைக் கொண்டுபோன அண்டைக்கு அவங்களுக்கு ஒருத்தரும் இப்பிடிக் கட்டிக்குடுக்கேல்லை. வெறும் வயித்தோட போனவங்கள், பாவம்."

றோஸ்மேரி அவன்ர பக்கம் திரும்பவேயில்லை.

கிழவன் பெட்டியை ரெண்டு கையாலயும் வாங்கி, பிரெஞ்சில ஆறுதலாக் கதைச்சார். கிருபானந்தன் முந்தி ஆஸ்பத்திரி துடைச்ச ஆள். பிரெஞ்சு நல்லா ஓடும். ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கிச்சுது.

"றெனோல்டிட்டக் குடுக்கிறன், மடாம். யோசியாதேங்கோ. புதுக் காலோட இப்ப படியேறுறான். கிளச் மிதிக்கத்தான் ஏலாது. அதுதான் தன்ர பிக்கப்பை எங்களுக்குக் குடுக்கச் சொன்னவன். ஆப்கானிஸ்தானால வந்த மற்றப் பெடியளை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்க உதவும்."

சிவநேசம் கோப்பையை வேலியில வைச்சான். கிருபானந்தன் ஒருத்தரும் சொல்லாமலே வழியை விட்டு விலத்தினான்.

"அண்ணை... றெனோல்ட் அல்பேட்டாவில எண்டு கோயில்ல..."

"கோயில்ல நான் சொன்ன பொய் அது."

பற்றிக் தும்புத்தடியைத் தூக்கி முத்தத்தில எறிஞ்சார். அண்டைக்குத்தான் அவற்ற சத்தத்தை அந்தத் தெரு கேட்டது.

"ஏன் நிப்பாட்டிட்டாய்? கத்து. சப்பாத்து, சுத்திவளைப்பு, சவம், எல்லாத்தையும் கத்து. அவன் ஆமியில சேர்ந்த அண்டைக்கு, கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க வைச்சு, உன்னைவிட வடிவா நான் கத்தினனான். அதாலதான் கால் போயும் அவன் அந்தச் சங்கத்து வீட்டில கிடக்கிறான், என்ர வீட்டை வாறானில்லை."