குடிக்காத தண்ணீர்

சொர்ணம் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை.

அறையில் இருந்த எவளும் தொடவில்லை. தெருவைக் கூட்டி முடித்து, விளக்குமாற்றை வாசலில் சாத்திவிட்டு நேராக வந்தவர்கள். நாக்கு வறண்டு கிடந்தது.

"வாட்ச்சுல என்ன தொந்தரவுன்னாலும் சொல்லுங்கக்கா. உங்களைக் கேட்டு மாத்தத்தான் வந்திருக்கேன்."

அவர்கள் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை உருவாக்கிய கம்பெனியிலிருந்து வந்த பெண். சின்ன வயது.

"நல்லா இருக்கு மேடம்."

எல்லோரும் அதையே சொன்னார்கள், பஜனையில் பின்பாட்டு மாதிரி.

சொர்ணம் கடிகாரம் கட்டிய மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அது பேச்சை ஒட்டுக் கேட்கும். எங்கே இருக்கிறாள் என்று மேஸ்திரிக்குக் காட்டும். கொஞ்சம் நின்றால் அவர் குரலில் அதட்டும். ஒருநாள் கக்கூசுக்குள்ளும் அதட்டியது.

அன்றோடு வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். அதைக் கழற்றி வைத்த, கூட வேலை பார்த்த ராஜகனிக்குப் போன வாரம் வேலை போயிற்று.

அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள்.

டம்ளர்கள் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தன.

எழுந்து வந்தாள். உதட்டில் விரலை வைத்தாள். மெல்ல சொர்ணத்தின் முந்தானையை விலக்கி, கடிகார வாரை அவிழ்த்தாள்.

சொர்ணம் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். மாரியாத்தா, பிழைப்பைக் கெடுத்துடாதே.

கடிகாரத்தை அந்தப் பெண் தன் கையில் கட்டிக்கொண்டாள். டம்ளரைக் காட்டினாள். 'குடிங்க' என்று சைகை செய்தாள்.

அப்போதுதான் அது அதிர்ந்து, மேஸ்திரியின் குரலில் கத்தியது.

"ஏட்டி சொர்ணம்! கூட்டம்னா அங்கேயே குடியிருந்துருவியா? வாறுகால் சாக்கடைய உன் மாமியாளா வந்து அள்ளுவா? வாயில என்ன, கொழுக்கட்டையா? நாளையிலேருந்து வராத, சவமே!"

அந்தப் பெண் கையைத் தூரப் பிடித்தாள், பாம்பு சுற்றிக்கொண்டதுபோல்.

சொர்ணம் எட்டிக் குனிந்து, அவள் மணிக்கட்டில் வாயை வைத்துச் சொன்னாள். "இந்தா வந்துட்டேன்யா."

அது அடங்கியது.

அந்தப் பெண் கையை இன்னும் தூரத்திலேயே பிடித்திருந்தாள்.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ. சொர்ணம் தன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல நீ குடி, தாயி."

குடித்தாள். பாதி சுடிதாரில் சிந்தியது.

சொர்ணம் கடிகாரத்துக்காகக் கை நீட்டினாள்.

வாசலில் மேஸ்திரியின் பைக் வந்து நின்றது.

அந்தப் பெண் வாரை அவிழ்க்கவில்லை. இன்னும் ஒரு துளை இறுக்கினாள். எழுந்து போய்க் கதவை மறித்து நின்றாள்.

சொர்ணம் சொம்பைச் சாய்த்து, காலி டம்ளரைத் தனக்காக நிரப்பினாள்.