சின்னக் குழி

பனிக்காலம் வந்துவிட்டால் அந்தத் தீவின் மண் கடப்பாரைக்கும் இளகாது. அதனால் வரப்போகும் சாவுகளுக்கான குழிகளைக் கோடை முடிவதற்குள்ளேயே வெட்டி வைத்துவிடுவார்கள். பதினோரு மீனவ வீடுகளுக்கு மூன்று குழிகள்: இரண்டு பெரியவை, ஒன்று சின்னது. யாருக்கு என்று எவரும் பேசுவதில்லை.

அந்த வருடம் ஊரில் குழந்தைகளே இல்லை. நிவி மட்டும் ஆறு மாதக் கர்ப்பிணி. எனோக் சின்னக் குழியை வெட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் விளிம்பில் நின்றிருந்தாள்.

“இது எதுக்கு மாமா?”

“வழக்கம்மா. எப்பவும் வெட்டுறதுதான்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“மூடிடுங்க.”

“வெட்டின குழிய வெறுமனே மூடினா ஊருக்கு ஆகாதும்மா.”

அவள் வீட்டுக்குப் போனாள். குளிர்காலத்துக்கென்று காயவைத்திருந்த மீன்களைக் கூடையில் அள்ளி வந்து, குழிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான். குழி பாதிகூட நிரம்பவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் மீன்களோடு வந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

முதல் பனி விழுந்த அன்று எனோக் ஒரு பெரிய மீனைத் தோளில் சுமந்து வந்தார். மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மீன் உள்ளே இறங்கவில்லை.

“நிவி!” என்று பதினோரு வீடுகளுக்கும் கேட்கும்படி கத்தினார். “இங்க துளி இடமில்லம்மா!”