வேப்பங்குச்சி

முன்பிருந்த வீட்டில் அடிவாங்கி வந்த நாய். குச்சியைக் கண்டாலே ஒடுங்கும். அந்தப் பயத்தைப் போக்க, சவரிமுத்து மூன்று மாதமாகத் தினமும் முற்றத்தில் ஒரு வேப்பங்குச்சியை எறிந்தார். தானே ஓடி, வாயால் கவ்விக்கொண்டு வந்தார். நாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்.

“முட்டிவலியோட இதெல்லாம் தேவையா? ஒரு பந்து வாங்கிப் போட்டா ஆகாதா?” என்றாள் மனைவி ரோசலின்.

“பந்துக்கா அது பயப்படுது?”

அன்று நாய் தானாகவே வந்தது. குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தது. அவர் சிரித்தபடி குனிந்தார். நாய் கண்களை இறுக மூடி, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

சவரிமுத்து மெல்ல மண்டியிட்டு, குச்சியை வாயால் எடுத்து நாயின் முன்னால் வைத்தார். முதுகைக் காட்டிப் படுத்து, அவரும் கண்களை மூடிக்கொண்டார்.