புழு மலை

பேச்சாயி குனிந்து ஒரு போஞ்சிச் செடியை வேரோடு பிடுங்கினாள். மண்ணை உதறிவிட்டு வேரைச் சின்னத்துரையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க தொர. முடிச்சு முடிச்சா இருக்கு."

காய்த்துத் தொங்குகிற செடி. வீட்டுத் திருடனைப் பொலிசுக்குக் காட்டுகிறவள் மாதிரி அம்மா அதை நீட்டிக்கொண்டு நின்றதை ஜெயலெட்சுமியால் பார்க்கச் சகிக்கவில்லை.

பஞ்ச வருஷத்தில் லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் கால் வீங்கிச் செத்தபோது, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப்போட்டபின் சும்மா கிடந்த இந்தச் சரிவைக் கொத்திப் போஞ்சி போட்டவர்கள் இவர்கள். மிச்சப் பேர் உயிரோடிருப்பது இந்த மண்ணால். ஜெயலெட்சுமி பதுளையில் போர்டிங்கில் தங்கிப் படித்ததும், பேராதனைக் கெம்பஸுக்குப் போய்ப் பட்டத்தோடு நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியதும்கூட இந்தப் போஞ்சி பண்டாரவளைச் சந்தைக்குப் போனதால்தான்.

உதவி மனேஜராக வந்திருக்கிற சின்னத்துரை தோட்டத்துக்குப் புதுசு. சும்மா கிடக்கிற மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். ரக்பி ஆடிய தோள். அந்தத் தோளுக்குத்தான் வேலை கொடுத்தார்கள் என்று லயத்தில் பேச்சு. வேரைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"புழுவா?"

"ஆமாங்க தொர. இது புழு மலைங்க," என்றார் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா. பெரிய துரைக்கே விரலை நீட்டிப் பேசுகிற மனிதர். இன்றைக்குத் தலைத்துண்டு கக்கத்தில் இருந்தது. புழு மலை என்றொரு பேரை ஜெயலெட்சுமி இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

"அப்ப எல்லாம் புடுங்கி எரிக்கணும். இல்லாட்டி பக்கத்து மலைக்கும் பரவும்." சின்னத்துரை கூட வந்திருந்த கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார். "இந்த ஆளுங்க தொட்டா எல்லாத்துக்கும் சீக்குதான்." கணக்கப்பிள்ளை சிரித்து வைத்தார்.

"எரிச்சிருவோங்க," என்றார் வீரய்யா.

ஜெயலெட்சுமிக்குக் காதோரம் சுட்டது. "என்னா மாமா, சொன்ன ஒடனே எரிச்சிருவோங்கிறீங்க? அப்புறம் என்னாத்தத் திங்கிறது?"

"நீ சும்மா இரு புள்ள." அம்மா அவள் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நகம் பதிகிற கிள்ளு.

அந்தக் கிள்ளுதான் அவளைக் கிளப்பிவிட்டது. நூறு வருஷமாக இப்படிக் கிள்ளிக் கிள்ளித்தானே வாயை மூட வைத்தீர்கள். கையை உதறிக்கொண்டு அம்மாவிடமிருந்து வேரைப் பறித்தாள்.

"தொர, இது புழு இல்ல."

"யாரு இது?"

"ஏம் மகதாங்க. படிச்ச புள்ள, வெவரம் தெரியாது," என்றாள் பேச்சாயி அவசரமாக.

"வெவரம் தெரிஞ்சுதாம்மா சொல்றேன். புழு புடிச்சா வேரே வீங்கிக் கெடக்கும், முடிச்சு தனியா வராது. இதப் பாருங்க." கட்டைவிரலால் வேரைத் தேய்த்தாள். முடிச்சுகள் கடுகு மாதிரி உள்ளங்கையில் உதிர்ந்தன. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. "செவப்பா இருக்கா? இது நல்ல கிருமி. காத்துல உள்ள சத்தப் புடிச்சுச் செடிக்கு ஊட்டுது. செடி மக்குனா சத்து மண்ணுக்கு. நீங்க மூட்டை மூட்டையா எறக்குற யூரியாவ இது சும்மா குடுக்குது."

சின்னத்துரை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வேரைக் கையில் வாங்கித் தானும் ஒரு முடிச்சைக் கீறினார். கீழே பெரகல றோட்டில் ஒரு லொறி கியர் மாற்றி முனகியது.

"எங்க படிச்ச?"

"பேராதனை. விவசாயம்."

"அப்ப இந்த மண்ணுல புழு இல்ல?"

"எங்க வேணுன்னாலும் புடுங்கிப் பாருங்க."

பிடுங்கினார். மேட்டில் ஒன்று, ஓடையோரம் ஒன்று, நடுச்சரிவில் ஒன்று. எல்லாமே கடுகாய் உதிர்ந்தன.

"நல்ல மண்ணா?"

"இந்தத் தோட்டத்துலயே இதான் நல்ல மண்ணு." அவள் குரல் தானாக உயர்ந்தது. "எங்க ஆளுங்க வருஷக்கணக்காப் போஞ்சி போட்டு ஏத்துன சத்து. சீக்கு ஆளுங்க ஏத்துனது."

சின்னத்துரை அந்தக் குத்தலைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "சரி. எரிக்க வேணாம்."

ஜெயலெட்சுமி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தியா என்கிற பார்வை. அம்மா பார்க்கவில்லை. வீரய்யா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னத்துரை ஜீப்பில் ஏறிக்கொண்டு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். "இருக்கிற காயப் பறிச்சுக்கட்டும். நர்சரியில தேயிலைக் கன்னு ரெடிதானே? திங்கக்கெழம காலையில இந்த ஆளுங்களையே இங்க குழி வெட்டப் போடு. மலை பூரா தேயிலை."

ஜீப் வளைவில் மறைந்தது. சரிவு முழுக்கப் போஞ்சி பச்சையாக நின்றது. ஒருவரும் ஒரு காயைத் தொடவில்லை.

ஜெயலெட்சுமி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "புழு இருந்தா தேயிலை வராதுன்னுதானே இத்தன வருஷம் விட்டு வச்சிருந்தாங்க. இதுல புழு இருக்குன்னு மொதல்ல எவன்மா சொன்னான்?"

பேச்சாயி உதிர்ந்து கிடந்த முடிச்சுகளைக் காலால் மண்ணுக்குள் தள்ளினாள்.

"நாங்கதான்டி."