டிவிக்கு இடப்பக்கம்

தோஹாவிலிருந்து ஆரோக்கியம் அனுப்பிய புது வீடியோ கேம் பெட்டியை ஜெசிந்தா வீட்டிலிருந்த பழைய இலவச டிவியில்தான் மாட்டியிருந்தாள். அந்தக் குண்டு டிவிக்குள் அகலமான படம் கொள்ளவில்லை. இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டே தெரிந்தது. ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அங்கிருந்து புருஷனும் இங்கிருந்து பெண்டாட்டியுமாக அந்த விளையாட்டுக்குள் பனி கொட்டும் ஒரு காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புச் சட்டை போட்ட அவளுடைய பொம்மையும் பனியும்தான். அவன் எங்கோ முன்னால் போகிறான் என்று நினைத்துப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

“ஒரு நாளாவது என் பக்கம் திரும்பிப் பாக்கியா நீ?” என்றான் இன்றைக்கு.

“நீங்க எங்க இருக்கீங்க?”

“உனக்கு இடப்பக்கம். மொத நாள்லேருந்து உன்கூடத்தான நடக்கேன்.”

ஜெசிந்தா எழுந்துபோய் டிவியின் தலையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நெடுநேரம் ஓடியதில் அது நன்றாகச் சூடேறியிருந்தது. இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். படம் வெட்டுப்படாமல் இருந்தால் அவன் நிற்க வேண்டிய இடம் அது.

“குளிருதாங்க?” என்று விளையாட்டாகக் கேட்டாள்.

“கை வெறச்சுப் போச்சு,” என்று அவனும் சிரித்தான்.

டிவியிலிருந்து கையை எடுத்து அந்த வெற்றிடத்தில் நீட்டி, அப்படியே வைத்திருந்தாள்.

“ஜெசி,” என்றான் பிறகு, மெதுவாக. “காய்ச்சலா உனக்கு? கை இப்படிச் சுடுதே.”