சுடத் தெரியாத ரவுடி

“மிஸ்ஃபயர்! எல்லாம் எழுந்து ஓடுங்க!”

குரல்தான் முதலில் கேட்டது. அப்புறம்தான் தெரிந்தது, மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைட் கழிவு மண்மேட்டில் மல்லாந்தும் குப்புறவும் கிடந்த பிணங்கள் எல்லாம் எழுந்து ஓடிக்கொண்டிருந்தன.

“கட்! கட்!” டைரக்டர் மைக்கில் அலறினார். “செத்தவன்லாம் எங்கய்யா ஓடுறீங்க?”

சுரங்க காலத்து ரவுடிகளைப் பற்றிய காமெடிப் படம். கதாநாயகன் விநாயக் செத்துக் கிடக்கும் எதிரியின் நெஞ்சில் ஒரு காலை வைத்து, பழைய ரைஃபிளால் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். சுட்டதும் மேலேயிருந்து ஒரு கோழி விழ வேண்டும்.

துப்பாக்கி வெடிக்கவில்லை. ரப்பர் கோழி மட்டும் ஒழுங்காக விழுந்துவிட்டது.

கத்தியது எட்மண்ட். விநாயக்கின் காலடியில் கிடந்த பிணம். சுரங்கம் மூடும்வரை கீழே வெடி வைத்தவர். மற்ற பிணங்களும் பழைய ஷிப்ட்டுக்காரர்கள்தான்.

“வெச்ச வெடி வெடிக்கலன்னா கிட்ட நிக்கக் கூடாது சார். கொஞ்ச நேரம் உட்டுட்டுத்தான் போவணும்” என்றார் எட்மண்ட், பாறைக்குப் பின்னாலிருந்து.

“யோவ், இது சினிமாத் துப்பாக்கி!”

“குண்டு இல்லன்னாலும் உள்ள மருந்து இருக்கு சார்” என்றார் நாகேஷ். படத்தின் துப்பாக்கிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. “அவங்க சொல்றது சரி. கொஞ்சம் பொறுங்க.”

பாறைக்குப் பின்னால் எட்மண்ட் இடுப்பை மடக்கி இருமிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பிணமாகக் கிடந்த லாய்ட் அவர் முதுகைத் தடவிவிட்டான்.

“நேத்து ஸ்டீவனை இருமினான்னு அனுப்பிட்டாங்க, மறந்துட்டியா? பிணம் இருமக் கூடாதாம். அடக்கிக்கண்ணா.”

“அடக்கிக்கினுதான்டா கெடந்தேன். இந்த மண்ணு பறக்குது பாரு... இன்னும் கொஞ்சம் போயிருந்தா மாட்டிக்கினு இருப்பேன். நல்ல நேரத்துல மிஸ்ஃபயர் ஆச்சு. ஆண்டவர் இருக்காரு.”

“இன்னாத்துக்குண்ணா இந்தக் கஷ்டம்? வீட்டுக்குப் போயேன்.”

“எம் பொஞ்சாதி ஐடாவுக்குக் கால் வீங்கிக் கீது. அந்தக் காலை வெச்சிக்கினு விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போறா. ஷூட்டிங் முடியறவரைக்கும் நான் பிணமா கெடந்தா, அவ வீட்ல காலை நீட்டி உக்காரலாம்.”

நாகேஷ் துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். “தோட்டா நல்லாத்தான் இருக்கு சார். சுட விடாத சேஃப்டி லாக் விழுந்திருக்கு. நான் அதை எடுத்துவிட்டுத்தான் குடுத்தேன், கை பட்டிருக்கும்.”

“பார்த்துப் பிடிங்க விநாயக்” என்றார் டைரக்டர்.

மறுபடி ஆக்‌ஷன். மறுபடி கோழி மட்டும் விழுந்தது.

“மிஸ்ஃபயர்!”

பிணங்கள் ஓடின. இந்தத் தடவை மேக்கப்காரரும் கூடவே ஓடினார்.

“மறுபடியும் லாக்தான் சார்” என்றார் நாகேஷ் சலிப்போடு.

டைரக்டர் இடுப்பில் கை வைத்தார். “ஏன் விநாயக், வீட்டுத் தாழ்ப்பாளையாவது நீங்களே திறப்பீங்களா, இல்ல அதுக்கும் ஆள் வரணுமா?”

யூனிட்டே சிரித்தது.

“சாரி சார், மறந்துடறேன்” என்றான் விநாயக்.

பாறைக்குப் பின்னால் லாய்ட் வாயைப் பொத்திக்கொண்டான். “இவன் கையில தொடப்பத்தைக் குடுத்திருக்கலாம்ணா. அதுக்கு லாக்கே இல்ல.”

எட்மண்டுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமித் துப்பிவிட்டு, “சும்மா இர்றா. அந்த ஆளு மக்கா இருக்கிறதாலதான் என் பொழப்பு ஓடுது” என்றார்.

மூன்றாவது தடவையும் வெடிக்கவில்லை.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா டூப்பை நிக்க வெச்சு முதுகை எடுத்துக்கறேன். ஹீரோவா உங்களுக்கு இது முதல் படம். அதுல உங்க மூஞ்சியே இருக்காது, பரவாயில்லையா?”

விநாயக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கைகட்டி நின்ற லைட்பாய்கள்கூடப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அதற்குள் எட்மண்ட், ஐடா கொடுத்தனுப்பிய சீரகத் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தார். நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. போய்ப் படுத்தார். பூட்ஸ் கால் நெஞ்சின் மேல் வந்தது.

“ஆக்‌ஷன்!”

டுமீல்!

மண்மேடு முழுக்க அதிர்ந்தது. காக்கைகள் பறந்தன. கோழி சரியாக விநாயக்கின் தலையில் விழுந்தது. அப்படியே அசையாமல் நின்று, நீளமான வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடித்தான். காலடியில் எட்மண்ட் அசல் பிணமாகக் கிடந்தார்.

“ஓகே! அப்பாடா, லாக்கைக் கண்டுபிடிச்சிட்டாருய்யா!” என்றார் டைரக்டர். மறுபடி ஒரு சிரிப்பு.

நாகேஷ் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து மற்ற துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விநாயக் ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். சாப்பிடக் கூப்பிட்டவரிடம் “இதோ வர்றேன்” என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, கண் அங்கிருக்க, கை இங்கே போல்ட்டை இழுத்தது. எகிறிய வெறுந்தோட்டாவை உள்ளங்கையில் பிடித்தது. விரல் விட்டு உள்ளே தடவிப் பார்த்தது. கட்டைவிரல் லாக்கைப் போட்டது.

நாகேஷின் கை நின்றுவிட்டது.

“சார்... இது பழகின கை.”

“காலேஜ்ல என்.சி.சி. கண்ணைக் கட்டினாலும் கழட்டி மாட்டுவேன்.”

“அப்புறம் எதுக்கு சார் அத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கினீங்க?”

விநாயக் பாறைப் பக்கம் பார்த்தான். லாய்டோடு எட்மண்ட் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினான்.

“இருமல் வெளிய வர்றதுக்கு முன்னாடியே அவர் நெஞ்சு என் காலுக்கு அடியில துடிக்குதுங்க. டைரக்டர் காதுல விழறதுக்குள்ள ஷாட்டைக் கெடுத்தாகணுமே... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

நாகேஷ் தலையாட்டினார். ரைஃபிளை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு, எண்ணெய்த் துணியால் குழலைத் துடைக்க ஆரம்பித்தார்.