நூல் என்ன கலர்?

குடியை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் சடையாண்டியின் கட்டிலருகே வந்த நர்ஸ் ஹெப்சி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒன்றுமில்லாமலே அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “இந்த நூல் என்ன கலர்?” என்று கேட்டாள். அந்த வார்டில் தினமும் கேட்கிற கேள்விதான். நூலே இல்லை என்கிறவனுக்குப் புத்தி தெளிந்துவிட்டது. நிறம் சொல்கிறவனுக்கு ஊசி. சடையாண்டி அவள் மணிக்கட்டைப் பற்றினான். “நூலா? வடக்கயிறுல்ல இது. தம்பி கிணத்துக்குள்ள தொங்குறான். விட்டுறாதீங்க சிஸ்டர்.” கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து தரையை எட்டிப் பார்த்து, “பயப்படாதடா, சிஸ்டர் புடிச்சிருக்காங்க” என்று குரல் கொடுத்தான். கழுத்தெல்லாம் வேர்வை. கால்மாட்டில் நின்ற அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கிணறு வெட்டையில இவரு கையிலருந்துதான் கயிறு நழுவுச்சு. தம்பி போயி மூணு வருசமாச்சு. நீங்க கைய எடுங்க சிஸ்டர், வெறுங்கைதானே.” ஹெப்சிக்கும் அது தெரியும். இரண்டு விரலைப் பிரித்தால் போதும். ஊசியை எடுக்கவும் அந்தக் கைதான் வேண்டும். பக்கத்துக் கட்டிலில் சலைன் தீர்ந்துபோய் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தக் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டியதே அவள்தான். “கனமா இருக்கா சிஸ்டர்?” என்றான் சடையாண்டி. “இருக்கு” என்றாள். தோள்பட்டை நிஜமாகவே கடுக்கத் தொடங்கியிருந்தது.